கூலிக்காரர் கைக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அம்மா



நம்ம பயிற்சிகளில் பலதானிய விதைப்பு, அமுதக்கரைசல், பூச்சிவிரட்டி என்று எவ்வளவோ சொல்லிக் கொடுக்கிறோம். கடைசி வரிசையில் இருக்கும் கூலிக்காரப் பெண் எழுந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கய்யா. இதச் செய்ய எனக்குன்னு ஒரு குழி நிலம் இல்லையே?" என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். வேலையில் இருப்பவர்களுக்கு 58, 60 வயதில் பொன்னாடை போர்த்தி வழியனுப்புகிறோம். இந்த அம்மா தன் பெரிய வேலையைத் தொடங்கும்போதே வயது 55!

1926-இல் திண்டுக்கல் பக்கம் அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாவின் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அந்த வீட்டிலிருந்து வந்து பட்டம் படித்தார். சர்வோதய இயக்கத்தில் சேர்ந்தார். வசதியான குடும்பத்தை உதறிவிட்டுக் காந்தி வழிக்கு வந்த ஜெகந்நாதன் அய்யாவை 1950-இல் மணந்தார். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டார்கள்.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத் தஞ்சைக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள். நிலம் கைக்கு வராமல் இந்த மக்களுக்கு விடிவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

1981-இல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவருக்கு நிலத்தால் விடுதலை என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். அவர்கள் செய்த முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதாரரையும் நிலமில்லாதவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசி, நியாயமான விலை முடிவு செய்வது. வங்கிக் கடன் ஏற்பாடு செய்து நிலத்தை வாங்குவது. கூட்டாக உழுது, விளைச்சலில் கடனை அடைப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் வங்கிகள் கடன் தரத் தயங்கின. பத்திரச் செலவோ கட்டுப்படியாகாது. அம்மா விடவில்லை.

2007 வாக்கில் சுமார் 13,000 குடும்பங்களுக்குச் சுமார் 13,000 ஏக்கர் கிடைத்திருந்தது. கணக்குப் பார்த்தால் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் பெண்கள் பேரில். ஏன்? பெண் பேரில் இருந்தால், குடிக்கோ கடனுக்கோ அந்த நிலம் சட்டென்று கைமாறாது. வயல்வேலை இல்லாத மாதங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலைப் பயிற்சிகளும் நடந்தன.

வந்த நிலத்துக்கும் ஆபத்து வந்தது. 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வயலை வெட்டிக் குளமாக்கி உப்புத்தண்ணீரை நிறுத்தினால் பக்கத்து வயலும் கிணறும் என்ன ஆகும்? நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்று நட, களை பறிக்க, கதிர் அறுக்க என்று பல கைகளுக்கு வேலை கொடுத்த நிலம், ஓரிரு காவலாளிகளோடு நின்றுவிடும். இருவரும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் அய்யா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அந்தத் தடையை வலுவிழக்கச் செய்தது. ஜெயித்ததையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது!

2008-இல் இருவருக்கும் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2013-இல் அய்யா மறைந்தார். 2020-இல் அம்மாவுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

பாராட்டியதோடு நம் வேலை முடிந்துவிடுமா? அடுத்த வருசம் நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாத வாய்மொழிக் குத்தகைக்காரர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவாரா? கொட்டுகிற எருவின் பலனை அடுத்தவன் அறுப்பான் என்றால் யூரியா மூட்டையைத்தான் தேடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மண் தேற சில வருசம் ஆகும். அத்தனை வருசம் நிலம் அவர் கையில் இருந்தாக வேண்டும்.

குத்தகைக்கு விடும் நண்பர்களே, ஐந்து வருசத்துக்கு எழுதிக் கொடுங்கள். கணவன், மனைவி இருவர் பேரையும் போடுங்கள். பாகம் பிரிக்கும்போது மகளுக்கும் பத்திரம் எழுதுங்கள். அம்மாவுக்குப் போர்த்தும் பொன்னாடையைவிட அதுதான் பெரிய மரியாதை.