வீட்டுக்குள் நாய்க்குட்டி அசுத்தம் செய்தால்

திண்ணையிலும் கூடத்திலும் நாய்க்குட்டி ஓடி விளையாடுகிறது. கைக்குழந்தை தவழ்வதும் அதே தரையில்தான். குட்டி ஒரு மூலையில் மலம் கழித்துவிட்டால், "காயட்டும், அப்புறம் பெருக்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

நாய்க்குட்டிகளின் குடலில் உருளைப்புழு இருப்பது சாதாரணம். தாய் நாயின் வயிற்றில் இருக்கும்போதே அது குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆகையால், "எங்க குட்டி சுத்தமான குட்டி" என்று யாரும் சொல்லிக்கொள்வதற்கில்லை. புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்; கண்ணுக்குத் தெரியாது. விழுந்த அன்றைக்கு அந்த முட்டைகளால் நோய் வராது. உள்ளே புழு வளர 2 முதல் 4 வாரம் வேண்டும். அதாவது மலம் காய்ந்து, தூளாகி, மண்ணோடு மண்ணாகப் போய், நாமும் அதை மறந்தபிறகுதான் முட்டை பக்குவமாகிறது. பிறகு மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூடக் கெடாமல் கிடக்கும். தரையைத் தொட்ட விரலைக் குழந்தை வாயில் வைத்தால் புழுக்குஞ்சு உடம்புக்குள் போய் ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றும். சில குழந்தைகளுக்குக் கண்ணில் புகுந்து பார்வையைக் கெடுத்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு கண்தான் என்பதால் பெற்றோருக்கு வெகு நாள் தெரிவதே இல்லை.

ஆகவே, அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். சாம்பலைத் தூவி, தகட்டால் வழித்து, கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் தள்ளி ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். மண்தரையானால் ஈரம் பட்ட மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் இட்டு மெழுகவேண்டும். சிமெண்டுத் தரையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் வெந்நீரை ஊற்றலாம்; அப்போது குழந்தையைத் தூரத்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரை நம்பவேண்டாம். இந்த முட்டையின் ஓடு கெட்டி, பவுடருக்குச் சாகாது. புது மலத்திலேயே பரவும் வேறு கிருமிகளும் உண்டு என்பதால், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்.

இந்த வேலை அநேக வீடுகளில் மருமகள் தலையில்தான் விழுகிறது. குட்டியை ஆசையாகத் தூக்கிவந்தது வீட்டுக்காரர்! அவரும் தகட்டை எடுத்தால் கௌரவம் குறைந்துவிடாது.

குட்டியை அடிப்பதிலும் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதிலும் பயனில்லை. எதற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. மறைவாகப் போய்க் கழிக்கப் பழகிவிடும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். போனால் தட்டிக்கொடுங்கள். உள்ளே பழைய வாடை இருந்தால் அதே மூலைக்குத்தான் திரும்பவும் வரும்.

குட்டிக்கு 2 வாரம் ஆனதிலிருந்தே குடற்புழு மருந்து தொடங்கவேண்டும். 3 மாதம் வரை பலமுறை கொடுக்கவேண்டியிருக்கும். தாய் நாய்க்கும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. கால்நடை மருந்தகத்தில் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடுவது என்பதையும் அப்போதே கேட்டு வாருங்கள்.