‘சூப்பர்’னு ஒரு வார்த்தை போதுமா? பிச்சாவரம் போட்டோவைப் பார்த்து என்ன சொல்லலாம், எப்படிக் கேட்டுக்கலாம்?

பிச்சாவரத்தில் படகு துறையை விட்டுக் கிளம்பியதுமே எல்லோர் கையிலும் போன் வந்துவிடும். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். படகு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தால் தலைக்கு மேலே பச்சைக் கூரை. ‘இதயக்கனி’ காலத்திலிருந்து சினிமாக்காரர்களை இழுக்கும் இடம், நம் போனை மட்டும் சும்மா விடுமா? சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அத்தனை படமும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இறங்கும். அடுத்த சில நிமிடங்களில் பதிலும் வந்துவிடும். பெரியப்பாவிடமிருந்து ஒரு கட்டைவிரல், அத்தையிடமிருந்து ‘சூப்பர்’, சித்தப்பா மகனிடமிருந்து ‘என்னடா இது, ஒரே இருட்டா இருக்கு?’

படம் எடுத்தவருக்கு இந்த மூன்றில் எது உதவியது? உண்மையைச் சொன்னால், ஒன்றுமே இல்லை. அடுத்த முறை போகும்போது எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் யாராவது ஆசையாகப் படமெடுக்கத் தொடங்கியிருந்தால், அந்த ஆசை வளர்வதும் கருகுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றை வரிகளில்தான் முடிவாகிறது. கொஞ்சம் யோசித்துப் பேசலாமே!

1857-லேயே ஆரம்பித்த பழக்கம்

போட்டோவை நாலு பேர் முன்னால் வைத்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பது வாட்ஸ்அப் காலத்துப் பழக்கம் இல்லை. புகைப்படம் எடுக்கும் செய்முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது 1839 ஆகஸ்ட் 19-ல். அதனால்தான் அந்த நாளை உலகப் புகைப்பட தினமாகக் கொண்டாடுகிறோம். அடுத்த இருபது வருடங்களுக்குள் பம்பாய், வங்காளம், மெட்ராஸ் மூன்று இடங்களிலும் புகைப்படச் சங்கங்கள் முளைத்துவிட்டன. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் 1857-ல் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். இன்று சென்னையில் கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியை 1850-ல் ஆரம்பித்தவரும் இவரே.

அதற்கும் முன்னால், 1855-ல் மெட்ராஸில் நடந்த ஒரு பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, தான் எடுத்த கோயில் படங்களைக் காட்சிக்கு வைத்தார். நடுவர்கள் அவற்றைப் பாராட்டினார்கள். பிறகு அவர் மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராகி தஞ்சாவூர், மதுரை, திருச்சி என்று சுற்றி எடுத்த படங்கள்தான் நம் ஊர்க் கோயில்களின் மிகப் பழைய புகைப்பட ஆவணங்களில் சில.

மெட்ராஸ் புகைப்படச் சங்கம் இன்றும் சென்னையில் இயங்குகிறது. ஆக, படம் எடுப்பதும் எடுத்ததைப் பற்றிப் பேசுவதும் நம் பக்கத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்தே நடந்துவருகின்றன. எடுப்பது எல்லோருக்கும் வந்துவிட்டது. பேசுவதுதான் கட்டைவிரலில் நின்றுவிட்டது.

கருத்து சொன்னால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை என்கிறது ஆராய்ச்சி. க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே கருத்து சொன்னால் அவர் முன்னேறுகிறாரா என்பதுதான் கேள்வி. அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் முன்னேற்றம் இருந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில் கருத்து கேட்ட பிறகு செயல்பாடு குறைந்திருந்தது!

அவர்கள் சொன்ன விளக்கம் நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். பேச்சு வேலையைப் பற்றி இருந்தால், கேட்பவரின் கவனம் வேலையில் இருக்கும். பேச்சு ஆளைப் பற்றித் திரும்பினால், கவனமும் ‘நான் யார், என்னை என்ன நினைக்கிறாங்க’ என்று திரும்பிவிடும். அப்புறம் வேலை எங்கே முன்னேறும்?

‘உனக்கு இதெல்லாம் வராது’ என்பது ஆளைப் பற்றியது. கவனியுங்கள், ‘நீ பிறவிக் கலைஞன்டா’ என்பதும் ஆளைப் பற்றியதுதான். ‘இடது ஓரத்தில் பாதி துடுப்பு மட்டும் தெரியுது, கண்ணு அங்கேயே போகுது’ என்பது படத்தைப் பற்றியது. அதைக் கேட்டவருக்கு அடுத்த முறை செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

நாட்டிய உலகம் தந்த நாலு படி

தில்லைக்காரர்களுக்குப் பிடிக்கும்படி ஒரு செய்தி. கருத்து சொல்வதற்கென்று இன்று பல நாடுகளில் பயன்படுத்தும் ஒரு முறையை உருவாக்கியது ஒரு நடன அமைப்பாளர். அமெரிக்காவைச் சேர்ந்த லிஸ் லெர்மன், 1990 வாக்கில் தன் நடனக் குழுவை வைத்து இதை வடிவமைத்தார். கோபுர வாசல்களில் 108 கரணச் சிற்பங்களை வைத்திருக்கும் ஊருக்கு, நாட்டியத்திலிருந்து வந்த பாடம் அந்நியமாகவா இருக்கும்?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், பிச்சாவரம் கால்வாய்க்குள் ஒரு படம் எடுத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் இருண்ட வேர்கள். நடுவில் ஒரு துண்டு வெளிச்சம், தண்ணீரில் விழுந்திருக்கிறது. மேலே வானம் வெள்ளையாக வெளிறிப் போயிருக்கிறது. அதை அப்பாவிடம் காட்டுகிறாள்.

முதல் படி: படத்தில் தன்னைத் தொட்டது எது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ போதாது. ‘தண்ணியில விழுந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், படகு அங்கேதான் போகப்போகுதுன்னு தோணுச்சும்மா’ என்று அப்பா சொன்னால், எந்த இடம் வேலை செய்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது படி: படம் எடுத்தவர் கேள்வி கேட்க வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘வேர் எல்லாம் ரொம்ப இருட்டா இருக்காப்பா, இல்ல அதுவே அழகா இருக்கா?’ என்று கேட்டால் பேச்சு சரியான இடத்துக்கு வரும்.

மூன்றாவது படி: பார்ப்பவர் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்ளோ இருட்டா எடுத்தே?’ என்பது கேள்வி மாதிரி வேஷம் போட்ட குற்றச்சாட்டு. ‘இந்தப் படத்துல முதல்ல எதைப் பார்க்கணும்னு நினைச்சே?’ என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போதே, பாதித் தீர்வை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

நான்காவது படி: இப்போதுதான் நம் அபிப்பிராயம். அதையும் அனுமதி கேட்டுச் சொல்ல வேண்டும். ‘வானத்தைப் பத்தி ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?’ மகளிடம் அப்பா அனுமதி கேட்பதா என்று சிரிப்பு வரலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டுக்கொள்ள அவள் தயாராகிவிட்ட பிறகு சொல்லும் வார்த்தை எவ்வளவு லேசாக உள்ளே போகிறது என்பது தெரியும்.

நம்ம ஊர் படங்களில் எதைக் கவனிக்கலாம்?

‘எனக்கு போட்டோகிராபி பத்தி ஒண்ணும் தெரியாதே, நான் என்ன சொல்றது?’ என்கிறீர்களா? கண்ணுக்குப் பட்டதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, நம் பக்கத்துப் படங்களில் அடிக்கடி வரும் சில விஷயங்கள்:

* கால்வாய்க்குள் வெளிறும் வானம்: மரநிழலும் வானமும் ஒரே படத்தில் வந்தால் போன் தடுமாறும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் வானம் தப்பிக்கும். வானமே வராமல் தண்ணீரையும் வேரையும் மட்டும் எடுப்பது இன்னும் சுலபம்.

* படகின் அசைவு: மரநிழலில் வெளிச்சம் குறைவு, படகும் ஆடும். அதனால் படம் கலங்கும். துடுப்பு போடுபவர் ஓய்வெடுக்கும் நொடியில் எடுத்தால் தெளிவு கூடும்.

* கோபுரம் பின்னால் சாய்வது: அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் மல்லாக்கச் சாய்ந்த மாதிரி வரும். வீதியில் பின்னால் தள்ளி நின்று, போனை நேராகப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். கிழக்குக் கோபுரத்தின் வெளிமுகத்துக்குக் காலை வெயில், மேற்குக் கோபுரத்துக்கு மாலை வெயில். சன்னதிகளில் படமெடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

* கடலூர் சில்வர் பீச்: நமக்குக் கிழக்கில் கடல். சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். கடலில் மறைவதைப் பார்க்க முடியாது. காலையில் கடல் பக்கம் நிற்பவர் முகம் கறுப்பாக விழுந்தால், அது எடுத்தவர் தப்பு இல்லை, சூரியன் பின்னால் இருப்பதால் வருவது. அதே இடத்தில் சாயங்காலம் எடுத்தால் முகத்தில் வெளிச்சம் இருக்கும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, தெளிவு குறைந்துதான் போய்ச் சேரும். ‘கலங்கலா இருக்கே’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரிஜினலைப் பாருங்கள். ஹெச்.டி. தரத்திலோ டாகுமென்ட்டாகவோ அனுப்பச் சொல்லலாம்.

யாரும் சொல்லத் தயங்கும் கருத்து

வெளிச்சம், கோணம் பற்றியெல்லாம் பேசிவிடுவோம். படத்தில் இருக்கும் மனிதரைப் பற்றி? பிச்சாவரத்தைச் சுற்றி இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறால் பிடிக்கும் பெண்களைப் படகிலிருந்து பார்க்கலாம். பழைய துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரத்தில் வலை பிரிப்பவர்கள், கூடை சுமப்பவர்கள். படத்துக்கு அற்புதமான காட்சி என்றுதான் நமக்குத் தோன்றும். அவர்களுக்கோ அது வேலை நேரம்.

அப்படி ஒரு படத்தை வீட்டுப் பிள்ளை காட்டினால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘அவங்ககிட்ட கேட்டியா? படத்தை அவங்களுக்குக் காட்டினியா?’ இதுவும் கருத்துதான். ஒருவேளை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கருத்து. நனைந்த புடவையோடு தண்ணீரில் நிற்கும் ஒரு பெண், தன் படம் ஊர் பேர் தெரியாதவர்கள் போனில் சுற்றுவதை விரும்புவாரா என்று நினைத்துப் பார்த்தாலே போதும், பல படங்களை நாமே அழித்துவிடுவோம்.

மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். எளிய மக்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுக்கும் இவர், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-ல் தயானிதா சிங் - பாரி விருது பெற்றவர். தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கப் பழக்குகிறார். பிறர் எடுக்கும் படத்தில் வந்துபோகிறவர்களாகவே இருந்தவர்கள், படம் எடுப்பவர்களாகவும் ஆகிறார்கள்.

கேட்டுக்கொள்பவருக்கு...

கருத்து சொல்வது ஒரு கலை என்றால், வாங்கிக்கொள்வது அதைவிடக் கஷ்டம். இளம் போட்டோகிராபர்களே, இந்த நாலையும் முயன்று பாருங்கள்:

1. முப்பது படத்தைக் கொட்டாதீர்கள். மூன்றே மூன்று காட்டுங்கள். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதே நல்ல பயிற்சி.

2. யாராவது குறை சொன்னால் உடனே ‘அது வந்து, படகு ஆடுச்சு, வெயில் இல்ல’ என்று விளக்காதீர்கள். பார்ப்பவர் கையில் படம் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் விளக்கம் கூட வராது. கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், ‘நன்றி’ சொல்லுங்கள். முடிவை அடுத்த நாள் எடுங்கள்.

3. ஒருவர் சொன்னால் அது ரசனையாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் கலக்காமல் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

4. எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. இருட்டு வேண்டும் என்றுதான் எடுத்தீர்கள் என்றால் இருட்டாகவே இருக்கட்டும். தெரிந்து செய்ததா, தெரியாமல் வந்ததா என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை படமெடுப்பதைப் பார்த்ததும் ‘இதெல்லாம் சோறு போடுமா?’ என்று கேட்கத் தோன்றலாம். வேலை, வருமானம் பற்றிய கவலை நியாயமானது. அதைத் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். படத்தைக் காட்ட ஆசையோடு ஓடிவந்து நிற்கும் நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால், அடுத்த படத்தை உங்களிடம் காட்டவே மாட்டார்கள்.

இன்று ராத்திரி குரூப்பில் யாராவது ஒரு படம் போட்டால், கட்டைவிரலைக் கொஞ்சம் நிறுத்திவைத்து அரை நிமிடம் அந்தப் படத்தைப் பாருங்கள். கண் முதலில் எங்கே போனது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பதிலுக்கு நிச்சயம் இன்னொரு படம் வரும்!