ரா கோப்பு: படமன்று, படத்தின் சுவடி

பள்ளி ஆண்டு விழாவைப் படமெடுத்த மாணவர் ஒருவர் கோப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறார். சில உடனே திறக்கின்றன. வேறு சிலவற்றுக்குத் ‘திறக்க இயலவில்லை’ என்னும் அறிவிப்பே வருகிறது. பழுதாகிவிட்டன என்றெண்ணி அவற்றை அழித்துவிடுவோரும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பழுதானவை அல்ல. ‘ரா’ எனப்படும் மூலக் கோப்புகள். அவற்றின் இயல்பை அறிந்தால் இத்தகைய இழப்பைத் தவிர்க்கலாம்.

படக்கருவியின் ஒளியுணரி நிறத்தை அறியாது. தன்மீது விழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும். எனவே, உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் பெரும்பாலான கருவிகளில் உள்ளது. அதன்படி 24 மில்லியன் புள்ளிகள் கொண்ட உணரியில் 12 மில்லியன் பச்சைக்கும், 6 மில்லியன் சிவப்புக்கும், 6 மில்லியன் நீலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டே கணித்து நிரப்ப வேண்டும்.

இதனை ஓலைச்சுவடியோடு ஒப்பிடலாம். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. பதிப்பாசிரியரே முன்பின் சொற்களை நோக்கி, விடுபட்டதை உணர்ந்து பதிப்பிக்கிறார். ரா கோப்பு சுவடி. நாம் திரையில் காணும் படம் பதிப்பு. ஒரே ரா கோப்பு இரண்டு மென்பொருள்களில் சற்று வேறுபட்ட நிறத்தில் தோன்றுவதன் காரணமும் இதுவே.

ஜேபெக் கோப்பில் இப்பதிப்பு வேலையைக் கருவியே முடித்துவிடுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை நீக்கிவிடுகிறது. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிநிலைகள் உள்ளன. மேடையில் ஆடிய மாணவியின் முகம் இருண்டு போயிருந்தால், ரா கோப்பிலிருந்து பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். மஞ்சள் விளக்கொளியில் மஞ்சளாய்த் தோன்றும் வெள்ளை வேட்டியையும் வெண்மையாக்கலாம். ஆயினும் அளவுக்கு மீறிய ஒளியால் முற்றும் வெளுத்துப்போன பகுதியை ரா கோப்பாலும் மீட்க இயலாது.

இனி, திறக்கும் முறையைக் காண்போம். கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ என நிறுவனந்தோறும் வடிவம் வேறுபடும். ஒரே நிறுவனத்தின் புதிய கருவி, அதே பெயர் கொண்ட வடிவத்திலும் உள்ளமைப்பை மாற்றியிருக்கக்கூடும். ஆகவே கோப்பின் பின்னொட்டை ஜேபெக் என மாற்றியெழுதுவதால் பயனில்லை. முதலில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். நிறுவனங்கள் தரும் மென்பொருளையோ, கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி ஆகியவற்றையோ பயன்படுத்தலாம். இவற்றில் செய்யும் திருத்தங்கள் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே பதிவாகின்றன.

நிறுவனங்கள் தம் வடிவங்களின் உள்ளமைப்பை வெளியிடாத நிலையில், டேவ் காஃபின் என்னும் நிரலாளர் 1997 முதல் அவற்றை ஆராய்ந்து, ‘டிசிரா’ என்னும் நிரலை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தார். அடோபி நிறுவனம் 2004-இல் டிஎன்ஜி என்னும் வடிவத்தை அறிமுகப்படுத்தி, அதன் விவரங்களையும் வெளியிட்டது. பழைய மென்பொருள் ஏற்காத கோப்பை, அந்நிறுவனம் இலவசமாகத் தரும் மாற்றி கொண்டு டிஎன்ஜி ஆக்கித் திறக்கலாம்.

படிக்கத் தெரிந்தவர் இல்லையேல் சுவடி இருந்தும் பயனில்லை. எனவே பள்ளியின் நிகழ்வுகளைப் பதிவுசெய்வோர் மூலக் கோப்பையும், எவரும் திறக்கக்கூடிய ஜேபெக் படி ஒன்றையும் சேர்த்தே பாதுகாப்பது நன்று. பதிப்பு இன்றைக்கு உதவும்; சுவடி, நாளை இன்னும் தெளிவாகப் படிக்க வல்லவருக்கு உதவும்.