சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

நம் உழவர்கள் பலரும் விளைச்சலைத் தரகரிடம் கொடுக்காமல் நேரே சந்தைக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய் விற்கிறோம். அதற்கு வாங்கி வைத்திருப்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் வேன்தான். ஒருநாள் திடீரென்று டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஒர்க் ஷாப்புக்குப் போனால் "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்பார்கள். உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய டீசல் வண்டியும் டிராக்டரும் வைத்திருப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலும் அவற்றில் இந்தச் சாமானே கிடையாது.

எங்கள் வேன் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, 11-க்கு இறங்கிவிட்டது. டவுனில் ஒரு இடத்தில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, முன் சென்சார், பின் சென்சார், கூடவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று மூன்றையும் மாற்றச் சொல்லி 38,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதினார்கள். எங்கள் அரை ஏக்கர் கத்திரியில் ஒரு போகத்துக்குக் கையில் நிற்கிற காசு அது. பேங்கில் முப்பது வருடம் கடன் விண்ணப்பம் பார்த்தவனுக்கு முதலில் வாயில் வருவது "ஆதாரம் என்ன?" என்பதுதான். "எரர் கோடு வந்திருக்கே சார்" என்றார்கள். எரர் கோடு ஒரு புகார் மனு மாதிரி. விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

இலை மஞ்சளாகிவிட்டது என்று உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிறவரை நாம் என்ன சொல்கிறோம்? வேரில் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும், முதலில் மண்ணைக் கிளறிப் பாருங்கள் என்கிறோம் அல்லவா? இங்கேயும் அதே கதைதான்.

இந்தச் சென்சார் புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆகவே நல்ல நிலையில் உள்ள முன் சென்சார் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த ஏற்பாடு இது. இன்றைக்கும் பழைய வண்டிகளில் அடிப்படை மாறவில்லை.

சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலையே செய்யும். சீக்கிரம் சூடேற உள்ளேயே ஒரு ஹீட்டர் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி அறுந்தால், புகையின் சூட்டிலேயே சென்சார் காய்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். நம்மைப் போல் வயலுக்கும் ஊருக்குமாக நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். சென்சார் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறதே!

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் உள்ள சாக்கெட் இருந்தால், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனரைச் செருகி, செல்போனிலேயே கோடு பார்க்கலாம். பி 0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். பி 0131 என்றால் வோல்ட் குறைவு, பி 0133 என்றால் ஆட்டம் மந்தம். "சர்க்யூட்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வயர், ஃபியூஸ், கனெக்டர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

எங்களுக்கு வந்தது பி 0135. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அடுத்து என்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிறகு என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமாக இருந்த இரண்டு ஹீட்டர் வயர்களில் மீட்டர் வைத்தார். வண்டிக்கு வண்டி மாறினாலும் சில ஓம் முதல் பத்துப் பதினைந்து ஓம் வரைக்கும் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. "உள்ளே கம்பி அறுந்திருக்குங்க ஐயா, முன்னாடி ஒண்ணு மட்டும் மாத்தினா போதும்" என்றார். இதுதான் ஆதாரம். ஓம் வைத்துப் பார்ப்பது ஹீட்டர் வயரில் மட்டும்தான். சிக்னல் வயரில் வைத்தால் சென்சாரே கெட்டுப்போகலாம்.

பின் சென்சார் ஆடாமல் நிற்கிறது, அதனால் செத்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அது ஆடவே கூடாது! கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று அமைதியாக நிற்பதுதான் ஆரோக்கியம். முன்னதைப் போலவே அதுவும் ஆடினால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் பி 0131 வந்தது. அவர் வண்டியில் சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கட் ஓட்டை. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் "காற்று அதிகம்" என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. அவர் மாற்றியது கேஸ்கட் மட்டும். பிளக் சரியாக எரியாவிட்டாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து இதே குழப்பத்தைச் செய்யும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஊற்ற வேண்டும். ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் பிளஸ்ஸில் சில சதவீதம் காட்டினால் அதற்காகப் பதறாதீர்கள். பத்தைத் தாண்டி நின்றால் காரணம் தேடுங்கள்.

சந்தேகமாக இருந்தால், என்ஜின் நன்றாகச் சூடானபின் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதியுங்கள். சென்சார் வோல்ட் உடனே மேலே துள்ள வேண்டும். வேக்குவம் குழாய் ஒன்றைக் கழற்றினால் உடனே கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் சுறுசுறுப்பாகப் பதில் சொல்கிற சென்சாரைக் கழற்றிப் போடுவது பாவம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி, மந்தமாகிவிட்டதென்றால் மாற்றத்தான் வேண்டும். தள்ளிப்போடவும் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிட்டால், அப்போது அந்த 38,000 உண்மையாகிவிடும்.

மாற்றுவது அரைமணி வேலை. கனெக்டரை முதலில் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும். மரைக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, இளஞ்சூட்டில் 22 எண் ஸ்பேனர் போட்டால் இளகும். முரட்டுத்தனமாகத் திருகினால் குழாயின் மரையே போய்விடும். புதியதில் பசை தடவி வந்திருந்தால் அதுவே போதும். முனையில் எதுவும் படக்கூடாது. பக்கத்தில் சாதாரண சிலிக்கான் பசை போட்டு எதையும் ஒட்டாதீர்கள், அதன் ஆவியே சென்சாருக்கு விஷம். வயரை வெட்டி ஒட்டுகிற மலிவுச் சென்சாரைவிட, வண்டிக்கென்று கனெக்டரோடு வருகிறதே நல்லது. எங்களுக்குச் சாமானுக்கு 2,800, தம்பிக்கு 400 ஆனது. கழற்றியதைக் கவனித்துப் பாருங்கள். முனை கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாக எரிந்திருக்கிறது, வெள்ளைப் பூச்சாக இருந்தால் சிலிக்கான் அல்லது கூலன்ட் கசிவு. அந்த மூலத்தைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் அதே கதிதான்.

கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினோம். விளக்கு வரவில்லை, மைலேஜ் பதின்மூன்றரைக்குத் திரும்பியது.

இரண்டு மாதம் கழித்து அதே விளக்கு, அதே கோடு. குனிந்து பார்த்தால் ஹீட்டர் வயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப்போட்டு உறை மாட்டியதோடு சரி. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், எலி மதிக்கவில்லை. இப்போது வைக்கோல் போருக்கு இருபதடி தள்ளித்தான் வேனை நிறுத்துகிறேன்.