நிறுத்துவதற்காகவே கார்

ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் தாமே கார் ஓட்டிப் போக முடிவெடுத்தவர்கள் முதலில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுகிறார்கள். இத்தாலியில் ஸ்டெல்வியோ, ஆஸ்திரியாவில் கிராஸ்குளோக்னர், சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா, பிரான்ஸில் இசெரான் என்று பெயர்கள் சேரும். வரைபடத்தில் இவற்றைக் கோடு போட்டு இணைத்து, மொத்தத் தூரத்தை விடுமுறை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டரோ 300 கிலோமீட்டரோ வரும். நெடுஞ்சாலையில் அது ஒரு காலைப் பொழுதுக்குள் முடிகிற தூரம்தானே என்று ஊர் ஊராக ஹோட்டலுக்கு முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். திட்டம் அங்கேயே கெட்டுவிடுகிறது. மலைப் பயணத்துக்குக் கிலோமீட்டர் சரியான அளவே இல்லை. ஒரு நாளில் எத்தனை இடத்தில், எவ்வளவு நேரம் வண்டியை நிறுத்த முடியும் என்பதுதான் அங்கே கணக்கு.

ஏன் என்று புரிய, ரயிலைப் பற்றி யோசித்தால் போதும். காட்சிதான் வேண்டும் என்றால் ஆல்ப்ஸில் ரயிலை எந்தக் காரும் வெல்ல முடியாது. பெர்னினா ரயில் பாதை 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி இத்தாலியின் திரானோவில் இறங்குகிறது. 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 8 மணி நேரம் ஓடுகிறது. கூரை வரை கண்ணாடி. காரிலோ, ஓட்டுகிறவரின் கண் அடுத்த கொண்டை ஊசி வளைவிலும், எதிரே வரும் பேருந்திலும், பின்னால் ஒட்டி வரும் மோட்டார் சைக்கிளிலும்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் எத்தனை அழகான சிகரம் நின்றாலும் அது அவருக்கு இல்லை. ஆகவே காருக்கென்று மிஞ்சுவது ஒரே ஒரு சலுகைதான்: மனதுக்குப் பட்ட இடத்தில் இறங்கி நிற்கலாம், போதும் என்று தோன்றும்வரை நிற்கலாம். நிற்க நேரமில்லாத கார் திட்டம், ரயிலைவிட மோசமான இருக்கையில் அதிகப் பணம் கொடுத்து உட்காருவதுதான்.

சுவிட்சர்லாந்தின் நடுவே அண்டர்மாட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஃபுர்கா (2,429 மீட்டர்), கிரிம்செல் (2,164), சூஸ்டன் (2,224) என்ற மூன்று கணவாய்களையும் கடந்து அதே ஊருக்குத் திரும்பலாம். சுற்று சுமார் 120 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம் என்று தோன்றும். ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். 1,440 மீட்டரில் தொடங்கி ஃபுர்காவுக்கு ஏறி, கிளெட்ச் என்ற இடத்தில் 1,760க்கு இறங்கி, மறுபடி கிரிம்செல் ஏறி, இன்னர்ட்கிர்ஹெனில் 630க்கும் கீழே போய், அங்கிருந்து சூஸ்டன் உச்சிக்கு ஒரே மூச்சில் 1,600 மீட்டர் ஏறி, வாசன் ஊருக்கு இறங்கி, கடைசியாக அண்டர்மாட்டுக்கு மீண்டும் ஏற வேண்டும். ஏற்றம் மட்டுமே ஏறத்தாழ 3,500 மீட்டர். அதே அளவு இறக்கம். நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம் போய்விடும். ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்கான சாலையா அது? ஃபுர்காவின் மேற்குச் சரிவில் ரோன் பனியாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் நாக்கு கீழே கிளெட்ச் சமவெளி வரை நீண்டிருந்தது. இன்று அது மேலே பாறைகளுக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. கோடையில் உருகுவதைத் தாமதப்படுத்த வெள்ளைப் போர்வைகளால் பனிக்கட்டியின் ஒரு பகுதியை மூடுகிறார்கள். அந்தப் போர்வைகளையும், நாக்கு ஒருகாலத்தில் எட்டிய இடத்தையும் ஒருசேரப் பார்க்க ஒரு மணி நேரமாவது அங்கே இருக்க வேண்டும். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படித்த எல்லாமும் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும். கிரிம்செல்லின் அணை ஏரிகளும் சூஸ்டனின் ஸ்டைன் பனியாறும் தனித்தனியே நேரம் கேட்பவை. இந்தச் சுற்றுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும்.

சாலைகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதையும் திட்டம் போடும்போது கவனிக்க வேண்டும். ஸ்டெல்வியோவை 1820 முதல் 1825 வரை கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கட்டினார். லொம்பார்டியை டைரோலுடன் இணைப்பதுதான் நோக்கம். காட்சி யாருடைய எண்ணத்திலும் இல்லை. பிராட்டோ ஊரின் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறுகின்றன. குதிரை வண்டிக்காகப் போட்ட வளைவில் இன்று பேருந்து திரும்பும்போது சாலையே அடைபடும். நடுவழியில் ஒதுங்கி நிற்க இடமும் குறைவு. அங்கே காலை எட்டு மணிக்கு முன் ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கிராஸ்குளோக்னர் இதற்கு நேர்மாறு. ஃபிரான்ஸ் வல்லாக் திட்டமிட்டு 1935 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்த 48 கிலோமீட்டர் சாலை, பயணிகள் பார்ப்பதற்காகவே போடப்பட்டது. அதற்கேற்ப மேடைகளும் பார்க்கிங் இடங்களும் வழிநெடுக உண்டு. காருக்கு ஒரு நாள் கட்டணம் 40 யூரோவுக்கு மேல், இரவில் மூடிவிடுவார்கள். இவ்வளவு கொடுத்து அதை இன்னொரு ஊருக்குப் போகும் குறுக்கு வழியாக இரண்டு மணி நேரத்தில் கடப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு பலமான மறுப்பு உண்டு. விசா, விமானச் சீட்டு, வாடகைக் கார் என்று லட்சக்கணக்கில் செலவழித்து, வாழ்நாளில் ஒருமுறை போகிறவர் இரண்டு பள்ளத்தாக்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டுமா? நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஆனால் செலவு அதிகம் என்பதாலேயே பட்டியலைச் சுருக்க வேண்டும் என்பேன். காரணம் வானிலை. உயர்ந்த கணவாய்களில் பெரும்பாலானவை அக்டோபர், நவம்பர் தொடங்கி மே இறுதி அல்லது ஜூன் வரை மூடியே இருக்கும். திறந்திருக்கும் மாதங்களிலும் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு மேல் தெரியாது, செப்டம்பரிலேயே பனி விழுந்து ஓரிரு நாள் அடைபடவும் கூடும். தினமும் வேறு ஊரில் ஹோட்டல் பதிவு செய்தவர், மேகம் மூடிய நாளிலும் அந்தக் கணவாயை அன்றே கடந்தாக வேண்டும். அவர் ஸ்டெல்வியோவைக் கடந்திருப்பார், பார்த்திருக்க மாட்டார். ஒரே ஊரில் நான்கு இரவு தங்கியவர் நாளைக்குப் போய்க்கொள்ளலாம். அல்லது திசையை மாற்றலாம்: அண்டர்மாட்டின் மேற்கே ஃபுர்கா, கிழக்கே ஓபரால்ப், தெற்கே கோட்ஹார்ட். ஆல்ப்ஸின் வடசரிவில் மழை கொட்டும்போது கோட்ஹார்டுக்குத் தெற்கே வெயில் அடிப்பது சாதாரணம். கொடுத்த பணத்துக்குக் காட்சி கிடைக்கும் வாய்ப்பு, ஊர் மாறாமல் இருப்பவருக்கே அதிகம்.

இன்னொரு மறுப்பு பள்ளத்தாக்குகளில் வாழ்பவர்களிடமிருந்து வருகிறது. அதை நான் முன்னதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கோடை முழுவதும் இரைச்சலும் புகையும் அவர்களுக்குத்தான். இத்தாலியின் டோலோமைட் மலையில் 2017 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன்கிழமைப் பகல்களில் செல்லா கணவாயை மோட்டார் வண்டிகளுக்கு மூடிப் பார்த்தார்கள். இத்தகைய கட்டுப்பாடுகள் இனி பெருகும், பெருகுவது நியாயமும்கூட. கணவாய்களை எண்ணிக்கைக்காகக் கடந்துகொண்டே இருப்பவரைவிட, ஓர் ஊரில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, ஒருநாள் காரை விட்டுவிட்டு நடக்கவோ பேருந்தில் போகவோ செய்பவர் அந்த மக்களுக்குப் பாரமாக இருப்பது குறைவு.

ஒரு வார அளவில் இப்படிச் செய்யலாம். முதல் நான்கு இரவு அண்டர்மாட். ஒருநாள் மூன்று கணவாய்ச் சுற்று, ஒருநாள் கோட்ஹார்டின் தெற்குச் சரிவில் கல் பாவிய பழைய திரெமோலா சாலை, மிச்சம் வானிலைக்காக. பிறகு ஓபரால்ப், யூலியர், பெர்னினா வழியாக ஒரு முழுப் பகல் ஓட்டி இத்தாலியின் போர்மியோ. அங்கே மூன்று இரவு. ஸ்டெல்வியோ, காவியா, உம்பிரெய்ல் மூன்றும் அந்த ஊரிலிருந்தே ஏறக்கூடியவை. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளை விட்டுவிட்டு, முடிந்தால் செப்டம்பர் முதல் பாதியில் போங்கள். வழிகாட்டிச் செயலியை நம்பிக் கிளம்பினால் அது கோட்ஹார்டின் 16.9 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்குள் இறக்கிவிடும், மலையே தெரியாது. கணவாயின் பெயரையே இடைநிலையாகக் கொடுக்க வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் கட்டண வில்லை அவசியம். இங்கே சொன்ன சுவிஸ் கணவாய்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் அது கேட்கப்படும். வண்டி வலப்புறம் ஓடும் என்பதால் முதல் நாளே கணவாய் ஏறாதீர்கள். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது நம் மலைப்பாதை விதிதான், அங்கும் அதே. ஆனால் சுவிஸ் மலைச் சாலையில் மஞ்சள் போஸ்ட் பஸ் வந்தால் ஓட்டுநர் சொல்கிறபடி ஒதுங்க வேண்டும். வளைவுக்கு முன் அது மூன்று சுரத்தில் ஹார்ன் அடிக்கும். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த சுரம். இறக்கத்தில் கீழ் கியரில் வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்துப் பிடிப்பே போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் இன்னொருவரையும் ஓட்டுநராகச் சேர்த்து, பகலில் பாதியாவது மாற்றி ஓட்டுங்கள். ஒருவரே ஏழு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.