ஹீமோகுளோபின் வரிக்குக் கீழேயும் படியுங்கள்

செக்கிங் மேசையிலும் தையல் இயந்திரத்தின் முன்னும் நாள் முழுவதும் உழைத்துவிட்டு, களைப்பும் மூச்சிரைப்பும் தாங்காமல் பரிசோதனைக்கு வருவோர் நம் ஊரில் ஏராளம். முடிவுத்தாள் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ஹீமோகுளோபின் என்னும் ஒரே வரியைத்தான். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கருவுற்றோருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே, மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு பலர் வீடு திரும்பிவிடுகின்றனர்.

காரணத்தைத் தேட அதே தாளில் இன்னும் சில வரிகள் கீழே செல்ல வேண்டும். எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. ஆர்.பி.சி. என்பது சிவப்பணுக்களின் எண்ணிக்கை.

இரு பெண்களை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் ஹீமோகுளோபின் 10. முதலாமவரின் எம்.சி.வி. 74, சிவப்பணுக்கள் 43 இலட்சம். மற்றவருக்கு எம்.சி.வி. 60, சிவப்பணுக்கள் 54 இலட்சம். எடை ஒன்றாக இருக்கும் இரு பனியன் மூட்டைகளில், ஒன்றில் உருப்படிகளே குறைவு. மற்றொன்றில் உருப்படிகள் அதிகம், ஆனால் எல்லாம் குழந்தைகள் சைஸ். முன்னது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. பின்னது பெற்றோர் வழி வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம். எம்.சி.வி.யை, மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13-க்கு மேலா, கீழா என்று பார்க்கும் முறையை 1973-இல் மென்ட்சர் என்னும் மருத்துவர் வெளியிட்டார். இங்கே முதலாமவருக்கு 17, மற்றவருக்கு 11. இது ஐயத்தை எழுப்பும் கணக்கு மட்டுமே. முடிவு சொல்ல ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனையும் வேண்டும். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்புக் குறைபாடு உறுதி. ஆனால் காய்ச்சல், அழற்சி உள்ளபோது அது பொய்யாக உயர்ந்து காட்டும்.

எம்.சி.வி. 100-ஐத் தாண்டினால் பி12, ஃபோலேட் குறைபாடுகளையும் நினைக்க வேண்டும். இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்தால் சராசரி இயல்பாகத் தெரியலாம். அப்போது பருமன் வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருக்கும், ஒரே சைஸ் என்று எழுதிய பெட்டியில் பல சைஸ் கலந்ததைப் போல.

தலசீமியாக் கூறு மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் மருத்துவம் தேவையில்லை. இரும்புக் குறைபாடும் இல்லாத நிலையில் மாத்திரையால் பயனில்லை. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் பீட்டா தலசீமியாக் கூறு இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும். அக்குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்றிக்கொள்ள நேரலாம். அசாம், வங்காளம் ஆகிய பகுதிகளிலிருந்து இங்கு வந்து உழைக்கும் குடும்பங்களில் ஹீமோகுளோபின் ஈ என்னும் வகையும் காணப்படுகிறது. அதுவும் சிவப்பணுவைச் சிறிதாக்கும், தலசீமியாக் கூறோடு சேர்ந்தால் குழந்தையைப் பாதிக்கும்.

இரும்புக் குறைபாடே என்றாலும், இரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்: மிகுந்த மாதவிடாயா, மூலமா, குடற்புழுவா? ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குடலில் கசிவு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். மாத்திரையைக் கம்பெனித் தேநீரோடு சேர்த்து விழுங்காதீர்கள். தேநீர் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

அடுத்த முறை வரும்போது பழைய முடிவுத்தாள்களை எடுத்து வாருங்கள். குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் தம்பதியர் எனில், கணவரின் தாளும் உடன் இருக்கட்டும்.