சக்கரப் பூட்டின் சாவி தொலைந்தால்

வீட்டுச் சாவி தொலைந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். பெட்டிச் சாவி தொலைந்தால் அடுத்த பயணத்தின்போது தெரிந்துவிடும். ஆனால், கைவிட்டுப் போய் ஈராண்டு ஆன பின்னரும் உரியவர் அறியாதிருக்கக்கூடிய சாவி ஒன்று உண்டு. மோட்டார் காரின் சக்கரத்தைத் திருடர் கழற்றாவண்ணம் காக்கும் பூட்டுநட்டின் சாவியே அது. அது நம்மிடம் இல்லையென்பதை நாம் அறியும் இடம் பெரும்பாலும் நடுவழியாகவே இருக்கும்.

சென்ற மார்கழி மாதத்தில் என் தாயாருடன் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குக் காரில் சென்றேன். 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மும்பை, புணே, பெங்களூரு வழியாக இறுதியில் சென்னையை அடைகின்ற அதே சாலைதான். பொழுது சாயும் வேளையில், கூரிய கல்லொன்று பட்டுப் பின்சக்கரத்தின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. எனக்குக் கலக்கம் தோன்றவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கியும் ஸ்பானரும் இருந்தன. நான்கு நட்டுகள் எளிதில் தளர்ந்தன. ஐந்தாவதில் ஸ்பானர் பொருந்தவே இல்லை. அதன் தலை அறுகோணமாக இன்றி வட்டமாக இருந்தது. நடுவே வளைந்து வளைந்து செல்லும் பள்ளம் ஒன்று காணப்பட்டது. மூடுபனியோ இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகள் அருகே விரைந்த வண்ணம் இருந்தன.

தளர்த்திய நட்டுகளை மீண்டும் இறுக்கிவிட்டு, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, தாயாரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் அழைத்துச் சென்று அமர்த்தினேன். பின்னர் தேசிய நெடுஞ்சாலைகளுக்குரிய 1033 என்னும் உதவி எண்ணை அழைத்தேன். இழுவை வண்டி வந்து எங்களை அடுத்த ஊரில் சேர்த்தபோது இரவு மணி ஒன்பது. அன்றிரவு நான் கற்ற பாடத்தையே இங்கு நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில், அச்சாவி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். சாவி என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடும். அது கட்டைவிரலளவே உள்ள தடித்த எஃகுக் குப்பி. அதன் ஒரு முனையில், நட்டின் தலையிலுள்ள பள்ளத்துக்கு இணையான மேடு இருக்கும். மறுமுனை, சாதாரண ஸ்பானர் பொருந்துமாறு அறுகோணமாக இருக்கும். அலாய் சக்கரங்கள் விலைமிக்கவையாதலால், சக்கரத்துக்கு ஒன்றாக இத்தகைய நட்டைப் பொருத்துவர். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் நட்டுக்குப் பதிலாகப் போல்ட்டு இருக்கும், தத்துவம் ஒன்றே.

சாவி காணவில்லையெனில் முதற் கடமை பொறுமையாகத் தேடுதல். ஸ்டெப்னியின் அடியிலுள்ள குழி, கருவிப் பையின் மடிப்பு, டிக்கியின் பக்க அறைகள், முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டி, இருக்கைகளின் அடிப்புறம் ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். அடுத்து, இறுதியாக டயர் மாற்றிய கடையைக் கேட்டல் வேண்டும். சாவி தொலைவதற்குப் பெருங்காரணம் இதுவே: வேலை முடிந்ததும் அது கடைக்காரரின் கருவியிலேயே சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. சிற்சில வேளைகளில் நட்டின் மீதே ஒட்டிக்கொண்டு சக்கர மூடிக்குள் மறைந்திருப்பதும் உண்டு. ஆகையால் மூடிகளையும் கழற்றிப் பார்ப்பது நன்று.

தேடியும் கிடைக்கவில்லையெனில், இரண்டாவது வழி எண். பல சாவிகளின் மீது ஓர் எண்ணோ எழுத்தோ பொறிக்கப்பட்டிருக்கும். அதே குறியீடு சாவியுடன் வந்த சிறு அட்டையிலும் இருக்கக்கூடும். கார் வாங்கிய நாளில் கொடுத்த கையேட்டின் பக்கங்களிடையே அவ்வட்டை உறங்கிக்கொண்டிருக்கலாம். அக்குறியீடு கிடைத்தால், காரின் பதிவுச் சான்றுடன் அந்நிறுவனத்தின் விற்பனையாளரிடம் சென்று மாற்றுச் சாவியை வரவழைத்துக்கொள்ளலாம்.

எண்ணும் இல்லையெனில் மனம் தளர வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் கையாளும் பள்ள வடிவங்கள் ஓரளவே. ஆதலின், பெரிய பணிமனைகள் சிலவற்றில் அவ்வடிவங்கள் அனைத்துக்கும் உரிய சாவித் தொகுதி ஒன்றை வைத்திருப்பர். அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஏற்றதைக் கண்டுபிடிப்பர். நட்டின் முகத்தைத் துடைத்துத் தெளிவான புகைப்படம் எடுத்து முன்னதாகவே அனுப்பினால், வீண் அலைச்சல் குறையும்.

இம்மூன்றும் பயனளிக்காதபோதுதான் வலிந்து கழற்றும் முறையை நாட வேண்டும். இதற்கென்றே உள்ள பிடிகுப்பியின் உட்புறத்தில் இடப்புறமாகச் சுழலும் பற்கள் அமைந்திருக்கும். அதை நட்டின் மீது அடித்து இறக்கித் திறக்கும் திசையில் திருப்பினால், திருப்பத் திருப்பப் பற்கள் ஆழமாகக் கவ்வும். நட்டும் உடன் சுழன்று வெளிவரும். சிறு ஊர் மெக்கானிக்குகள் சற்றே அளவு குறைந்த பழைய பாக்ஸ் ஸ்பானரைச் சம்மட்டியால் இறக்கி இதே காரியத்தைச் சாதிப்பர். என் காரின் நட்டு அவ்வாறுதான் மறுநாள் காலையில் கழன்றது. ஆனால், சில நட்டுகளின் மேல் தனியே சுழலும் வளையம் ஒன்று இருக்கும். அவ்வளையத்தைப் பற்றினால் அது மட்டுமே சுழலும், நட்டு அசையாது. அத்தகையவற்றை அனுபவமுள்ள கைகளிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். உளியை வைத்து அடிக்கும் யோசனைக்கு இணங்காதீர்கள். உளி ஒருமுறை வழுக்கினால் சக்கரத்தின் முகம் பாழாகும். அதனினும் முக்கியமானது, காற்று நிரம்பிய டயர் பொருத்திய சக்கரத்தில் வெல்டிங் சூட்டைக் காட்ட விடாதீர்கள். வெப்பத்தால் டயர் வெடித்து உயிர்ச்சேதம் விளையக்கூடும். மேலும், எந்த நட்டையும் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பின்னர் பலங்கொண்டு திருகுதல் ஆகாது.

ஒரு நட்டைக் கழற்றியதோடு பணி முடிந்துவிடாது. ஏனைய மூன்று சக்கரங்களிலும் அதே பூட்டு இருக்கிறதன்றோ? நான்கையும் ஒருங்கே அகற்றிச் சாதாரண நட்டுகளையோ புதிய பூட்டுத் தொகுதியையோ பொருத்துவதே அறிவுடைமை. மரையின் அளவும், நட்டு அமரும் பகுதியின் வடிவமும் பழையதை ஒத்திருத்தல் அவசியம். இறுக்கும்போது எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி இறுக்க வேண்டும். இறுக்கத்தின் அளவு கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்; பல கார்களுக்கு அது ஏறத்தாழ 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின்னர் மீண்டும் ஒருமுறை சோதித்தல் நலம். விசையால் அதிர்ந்து சுழலும் இயந்திரத்தைப் பூட்டுச் சாவியில் உபயோகிக்க விடலாகாது; சாவியின் மேடு நொறுங்கிவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றுமொரு செய்தி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்தும் அன்றிரவு நான் இடறினேன். ‘சாபி தொலைந்துவிட்டது’ என்று இந்தியில் கூறினேன். இழுவை வண்டிக்காரர் காரைத் திறக்கும் சாவி என்றெண்ணி, பூட்டுத் திறப்பவரை அழைக்க முற்பட்டார். ‘வீல் லாக் நட்’ என்று சொன்னவுடன் விளங்கிக்கொண்டார். தூய சொல்லைத் தேடுவதைவிட, தொழிலாளி வழங்கும் சொல்லைச் சொல்வதே அவ்விடத்தில் சிறந்த மொழிபெயர்ப்பு.

இனி, என் காரின் சாவி எங்கே போயிற்று? நம்மில் பலர் மாற்றலாகிச் செல்லும் நண்பர்களிடமிருந்து பழைய கார்களை வாங்குகிறோம். பதிவுச் சான்று, காப்பீடு, இரண்டு சாவிகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுகிறோம். இந்தச் சிறு குப்பியைக் கேட்பாரில்லை, கொடுப்பாருமில்லை. எனக்குக் காரை விற்ற நண்பர் குவாஹாத்திக்கு மாற்றலாகிச் சென்றவர். நான் எழுதிக் கேட்டபோது, ஆணிகளும் திருகுகளும் போட்டு வைத்த டப்பாவில் அது கிடப்பதைக் கண்டு, வருந்தி அஞ்சலில் அனுப்பிவைத்தார். அது திறக்க வேண்டிய நட்டுகள் அதற்குள் பழைய இரும்பாகிவிட்டன. இப்பொழுது அது என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, கார் வைத்திருக்கும் நேயர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் கால்மணி நேரம் ஒதுக்க வேண்டுகிறேன். சக்கரங்களைப் பாருங்கள். ஒரு நட்டு மட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டிருந்தால் அதன் சாவியைத் தேடி எடுங்கள். எண்ணைக் குறித்து வீட்டில் ஒன்றும் கைப்பேசியில் ஒன்றுமாக வையுங்கள். சாவியைக் காரிலேயே ஓரிடத்தில் நிலையாக வைத்து, அவ்விடத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டுங்கள். டயர்க் கடையிலிருந்து புறப்படுமுன், பணத்தைக் கொடுக்கும் கையாலேயே சாவியையும் கேட்டு வாங்குங்கள். மூடுபனி இறங்கும் சாலையில் வயது முதிர்ந்தவரைக் காக்க வைக்கும் நிலை உங்களுக்கு நேராதிருக்க அதுவே போதும்.